இடப்பக்கம் திரும்பினால் மட்டும் கேட்ட சத்தம்

நல்லூர்த் திருவிழா முடிந்து, வந்த சனமெல்லாம் திரும்பிப் போன மறுவாரம் யாழ்ப்பாணம் போனேன். அறை வாடகை இறங்கியிருக்கும், வீதியில் நெரிசல் இராது, வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று பார்த்துத்தான் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றும் நான் நினைத்தபடியே இருந்தன. குடாநாட்டுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு அந்தக் காலத்தை இப்போதும் சிபாரிசு செய்கிறேன்.

"பெண் ஒருத்தி தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு குடாநாட்டைச் சுற்றலாமா?" என்று இந்தத் தளத்துக்கு எழுதிக் கேட்கிறவர்கள் பலர். சுற்றலாம். வீதிகள் நன்றாக இருக்கின்றன. வழி கேட்டால் ஆட்கள் காரில் ஏறி வந்து காட்டாத குறைதான். பயப்பட வேண்டிய இடம் வீதியில் இல்லை. கார் யாரிடமிருந்து உங்கள் கைக்கு வருகிறது என்பதில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. வழக்கம்போலச் சிரிக்கச் சிரிக்க எழுத இந்த முறை எனக்கு மனம் வரவில்லை.

என்னைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி. வயது ஐம்பத்தெட்டு. வெள்ளவத்தையில் வாடகை வீடு. கணவர் போய் ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. சண்டிலிப்பாயில் எனக்குச் சீதனமாக வந்த காணியும் வீடும் உண்டு. நான் கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்த நாளிலிருந்து தம்பிதான் அங்கே இருந்து தோட்டம் செய்கிறான். என்னைவிட ஆறு வயது இளையவன். இரத்த உறவென்று எனக்கு மிஞ்சியிருப்பவன் அவன் ஒருவன்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், காணியின் மேற்கு மூலையில் இரண்டு அறை கட்டிக்கொண்டு தம்பி குடும்பத்துக்குப் பக்கத்திலேயே போய் இருந்துவிடலாமா என்ற யோசனை வந்தது. அதை முடிவெடுக்கத்தான் இந்தப் பயணம்.

ஊரில் இருப்பதென்றால் எனக்கு ஒரு வண்டி வேண்டும். "வெளியிலை ஏன் தேடுறாய் அக்கா? என்ரை காரை எடு. நான் ஒரு வானுக்கு மாறப்போறன்" என்று தம்பி தொலைபேசியில் சொன்னான். வெள்ளை நிறச் சின்ன ஜப்பான் கார், ஓட்டோ கியர். வெளியில் என்ன விலையோ அதே விலை. தம்பியிடம் பேரம் பேசுவதா என்று காசை அனுப்பிவிட்டேன். "நம்ப நட, நம்பி நடவாதே" என்று படித்த வாய்தான் இது.

திரும்புவது அந்தக் காரில் என்பதால், கொழும்பிலிருந்து காலை ரயிலில் புறப்பட்டு மூன்று மணிக்கு யாழ்ப்பாணத்தில் இறங்கினேன். அங்கிருந்து சண்டிலிப்பாய்க்கு ஓட்டோ, பன்னிரண்டு கிலோமீற்றர், 1,800 ரூபா. பஸ்ஸில் போனால் நூறு ரூபாவோடு முடியும், ஆனால் பெட்டியோடு ஏறி இறங்க முடியாது. வீட்டில் நல்ல வரவேற்பு. தம்பியின் பெண்சாதி, என் மச்சாள், ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தாள். மேற்கு மூலையில் எந்த மரத்தைத் தறித்தால் அறைக்கு இடம் வரும் என்று நான் கை காட்டியபோது தம்பி தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்குக் கிணற்றடிக்குப் போனேன். தம்பி கத்தரிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். பம்பியிலிருந்து வாய்க்காலுக்குப் போகிற குழாய் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. பழைய சைக்கிள் ரியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் நீல நைலோன் நூலால் வரிந்து கட்டியிருந்தான். மூன்று முடிச்சு, ஒன்றின் மேல் ஒன்று. நுனியை மடித்து உள்ளே செருகியிருந்தான். ஒரு சொட்டுக் கசியவில்லை.

"கடையிலை புதுக் குழாய் விக்கேல்லையோடா?" என்று கேட்டேன்.

"உது காணும் அக்கா. நான் கட்டினா அவிழாது."

உண்மைதான். சின்ன வயதில் பட்டத்துக்கு முச்சைக் கயிறு கட்டும்போதும் அவனுக்கு அதே மூன்று முடிச்சுத்தான்.

ஒன்பது மணிக்குக் காரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டு போனோம். வண்டி கை மாறினால் எங்கள் பக்கத்தில் இது கட்டாயம். ஐயர் திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, நான்கு சில்லுக்கும் முன்னால் நான்கு தேசிக்காய் வைத்தார். தம்பி தேங்காய் உடைத்தான். தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு கார் நகர்ந்தது. பிறகு தேரோடும் வெளிவீதியில் மூன்று முறை வலம் வந்தோம். ஓட்டியது தம்பி, பக்கத்தில் நான். கார் ஒரு சத்தமும் இல்லாமல் சுற்றியது.

"பாத்தியோ, பூனை மாதிரிப் போகுது" என்றான்.

எனக்குக் கண் கலங்கியது. கார் வாங்கிய சந்தோசத்தில் இல்லை. இந்த வயதில் ஊருக்குத் திரும்பி வருகிறேன், கோயில் வீதியில் தம்பி என்னை ஏற்றிச் சுற்றுகிறான் என்ற நினைப்பில்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் வந்த வழியே வரவில்லை. இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர் கூடுதலாகப் பின்பக்கத்து ஒழுங்கைகளால் சுற்றி வந்தான். ஏன் என்று கேட்டேன். "புதுசா எடுத்த வண்டி கோயிலுக்குப் போன வழியாலை திரும்பப்படாது அக்கா. மறந்து போனியோ?" என்றான். கொழும்பில் இருந்து இதெல்லாம் மறந்துவிட்டேன் என்று வெட்கப்பட்டேன்.

பத்தரைக்குச் சாவி என் கைக்கு வந்தது. முதல் ஓட்டம் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு. மீற்றரின்படி இருபத்தொரு கிலோமீற்றர், முப்பத்தைந்து நிமிடம். படலையால் வெளியே வந்து இடப்பக்கம் திருப்பினேன். காலடியில் டக், டக், டக் என்றது. காய்ந்த பாக்கைப் பாக்குவெட்டியால் வெட்டும்போது வருமே, அப்படி ஒரு சத்தம். கார் நேரானதும் நின்றுவிட்டது. வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தியில் மறுபடி வந்தது, மறுபடி நின்றது. காரைநகர் போகும் கடற்பாலம் நேர்கோடு. அதில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், நாரைகள், காற்று. அந்த ஐந்து நிமிடம்தான் இந்தப் பயணத்தில் நான் முழுசாக அனுபவித்தது. கடற்கரையில் வாகனம் நிறுத்த நூறு ரூபா வாங்குகிறார்கள். இளநீர் 200. வார நாளில் போனால் கடல் முழுக்க உங்களுக்குத்தான்.

அங்கிருந்து தம்பிக்கு அழைத்துச் சத்தத்தைச் சொன்னேன்.

"தேசிக்காய்க் கொட்டை சில்லுக்கை போயிருக்கும்" என்று சிரித்தான். "இல்லாட்டிக் கல்லு. ரெண்டு நாள் ஓடினாப் போயிடும்."

திரும்பும் வழியில் ஒரு கராஜில் நிறுத்தினேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் நான்கு சில்லின் நட்டுகளையும் இறுக்கினார். தெருவில் நேராக நூறு மீற்றர் போய்த் திரும்பி வந்து, சத்தம் இல்லை என்றார். திரும்பும்போதுதான் கேட்கிறது என்று சொன்னேன். "அக்கா, பொம்பிளையள் ஓடேக்கை எல்லாச் சத்தமும் பெரிசாத்தான் கேக்கும்" என்றார். அதற்கு 1,500 ரூபா. பதின்மூன்று வருடமாக ஓட்டுகிறேன் என்று சொல்ல வாய் வந்தது, விட்டுவிட்டேன். அவரோடு கதைத்து என்ன பயன்?

சனிக்கிழமை நீண்ட ஓட்டம். காலை ஆறே முக்காலுக்குப் புறப்பட்டு, மானிப்பாய் வழியாக யாழ் நகரம், அங்கிருந்து பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி, புத்தூர், வல்லைவெளி, நெல்லியடி தாண்டிப் பருத்தித்துறை. மீற்றரில் நாற்பத்தாறு கிலோமீற்றர். இடையில் ஒரு மணி நேரம் தோசைக்கு. பெற்றோல் 4,500 ரூபாவுக்கு அடித்தேன். வல்லைவெளியைக் காலை ஒன்பதுக்கு முன்பு கடந்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த வெட்டவெளியில் வெயில் கண்ணைக் குத்தும்.

அன்று நான் ஊர் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் பார்த்தேன். வீதி நேராக இருந்தால் இல்லை. குழியில் விழுந்தால் இல்லை. பிறேக் பிடித்தால் இல்லை. சந்தியில் இடப்பக்கம் இறுக்கித் திருப்பினால் உண்டு. நேற்றைவிட இன்று பலமாக உண்டு. பருத்தித்துறைத் துறைமுகத்தடியில் நிறுத்தித் தட்டை வடை வாங்கினேன், பத்து 500 ரூபா, வாங்கலாம். அங்கே நின்ற ஒரு வான் சாரதி தானாக வந்து முன் சில்லின் மூடியைக் கழற்றிக் குலுக்கிப் பார்த்தார். கல்லும் இல்லை, கொட்டையும் இல்லை.

"பாட்டைக் கூட்டிப் போடுங்கோ அக்கா, சத்தம் கேக்காது" என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனார்.

பகல் பதினொன்றரைக்குக் கரையோர வீதியால் வல்வெட்டித்துறைப் பக்கம் திரும்பினேன். வழியில் ஒரு சின்ன அம்மன் கோயில். கோயிலைச் சுற்றி அகலமான மணல்வீதி, ஆளரவம் இல்லை. நல்ல இடம், வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம் என்று உள்ளே விட்டேன். முதலில் பழக்கத்தில் வலமாக ஒரு சுற்று. சத்தமே இல்லை. ஸ்ரியறிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்து மறுபக்கமாகச் சுற்றினேன். டக் டக் டக் டக் என்று பாக்குவெட்டி நிற்காமல் வெட்டியது. இன்னொரு சுற்றுப் போவதற்குள் கோயில் கிணற்றடியிலிருந்து ஒரு முதியவர் ஈரத் துவாயோடு ஓடி வந்தார்.

"நில்லு பிள்ளை, நில்லு! என்ன வேலை பாக்கிறாய்? கோயிலை ஆரும் இடஞ்சுத்துவினமோ?"

"மன்னியுங்கோ ஐயா. காரிலை ஒரு சத்தம், அதைத்தான் பாக்கிறன்."

"சத்தம் எண்டால்? இடஞ்சுத்திறது சுடலையிலை, செத்த ஆளுக்கு. உங்களுக்குத் தெரியாது, பொம்பிளையள் அங்கை வாறேல்லை. கொள்ளிக்குடம் தூக்கினவன்தான் அப்பிடிச் சுத்திறவன். அங்காலை எடு வண்டியை."

அவர் சொன்னது சரி. எங்கள் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அப்பா அம்மா இருவருக்கும் கொள்ளி வைத்தது தம்பி. நான் வீட்டு வாசலில் நின்று அழுததோடு சரி. வண்டியை நிறுத்தி இறங்கி, அவரிடம் ஒன்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை.

"ஐயா, புதுசா எடுத்த வண்டி கோயிலுக்குப் போன வழியாலை திரும்பப்படாதோ?"

"ஆர் சொன்னது? அப்பிடி ஒரு வழக்கமும் இல்லை. எனக்கு எண்பத்திரண்டு வயசு, நான் கேள்விப்படேல்லை."

மணலில் கொஞ்ச நேரம் நின்றேன். வெள்ளிக்கிழமை காலை ஓட்டத்தை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். படலையால் சோத்துக்கைப் பக்கம், அதாவது வலப்பக்கம். சந்தியில் சோத்துக்கைப் பக்கம். கோயில் வீதியில் மூன்று சுற்று, எல்லாம் சோத்துக்கைப் பக்கம். வீட்டுக்குத் திரும்பிய அந்த ஒழுங்கைகள் எல்லாமே சோத்துக்கைப் பக்கம். வந்த வழியே திரும்பியிருந்தால் ஒவ்வொரு முடக்கிலும் இடப்பக்கம் திருப்பியிருக்க வேண்டும். தம்பி அன்று ஒரு தடவைகூட இடப்பக்கம் திருப்பவில்லை.

ஆனால் மனம் இருக்கிறதே, அது சும்மா விடாது. கோயிலை எவரும் வலமாகத்தானே சுற்றுவார்கள் என்றது. வழக்கத்தை அவன் யாரிடமோ பிழையாகக் கேட்டிருக்கலாம் என்றது. சொந்தத் தம்பியைப் பற்றி இப்படி நினைக்கிறாயே என்று என்னைத்தான் திட்டியது. அச்சுவேலி வந்து சேரும் வரைக்கும் நான் அவனுக்காகவே வாதாடிக்கொண்டு வந்தேன்.

கோப்பாயில் வீதியோரம் தகரக் கூரை போட்ட ஒரு கராஜ். ஒரு மணிக்கு அங்கே நிறுத்தினேன். யூட் என்று அந்த மெக்கானிக்கின் பெயர், நாற்பது வயது இருக்கும், குருநகர் ஆள். கடற்றொழில் செய்கிற குடும்பம், படகு இயந்திரத்தில் கை பழகி, பிறகு காருக்கு மாறியவராம். அவர் சாவியைக் கேட்கவில்லை.

"நீங்களே ஓடுங்கோ அக்கா. எனக்குச் சத்தம் வெளியிலை நிண்டுதான் கேக்கோணும். முதல் சோத்துக்கைப் பக்கம் முழுக்க ஒடிச்சு மெதுவா உருட்டுங்கோ."

உருட்டினேன். காரோடு குனிந்து நடந்தார். ஒன்றுமில்லை.

"இப்ப இடக்கைப் பக்கம்."

அங்கேயும் எதிரே ஒரு வைரவர் சூலம் இருந்தது. முதியவரின் நினைவில் தயங்கினேன். யூட் சிரித்தார். "நான் வேதக்காரன் அக்கா. எனக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான். சுத்துங்கோ."

மூன்றாவது 'டக்'கிலேயே கையைத் தூக்கினார். "காணும். சீ.வி. ஜொயின்ற். சோத்துக்கைப் பக்கத்து முன் சில்லு."

"சத்தம் இடப்பக்கம் திருப்பேக்கைதானே கேக்குது?"

"அதுதான் சொல்லுறன். இடப்பக்கம் திருப்பேக்கை பாரம் முழுக்க மற்றப் பக்கத்துச் சில்லிலை விழும். பழுதானது அங்கைதான் கத்தும். எல்லாரும் பிழை விடுறது உதிலைதான். சத்தம் கேக்கிற பக்கம் எண்டு இடக்கைப் பக்கத்தைக் கழட்டிப்போட்டு ஒண்டும் இல்லை எண்டுவினம்."

இதை வாசிக்கிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சீ.வி. ஜொயின்ற் என்பது இயந்திரத்திலிருந்து சில்லுக்குப் போகிற அச்சின் முனையில் இருக்கிற மூட்டு. நம் முழங்கால் மூட்டு மாதிரி. சில்லு திரும்பும்போதும் சுழல வேண்டும், அதற்காக உள்ளே குண்டுகள், கிறீஸ். கிறீஸ் வெளியே போகாமலும் மண் உள்ளே போகாமலும் இருக்க மடிப்பு மடிப்பாக ஒரு றப்பர் உறை. உறை கிழிந்தால் கிறீஸ் வீசுப்படும், மணல் புகும், குண்டுகள் தேயும். அப்புறம் டக் டக். உறை கிழிந்த அன்றே கவனித்தால் சில ஆயிரத்தோடு முடிகிற வேலை அது.

ஜக் வைத்துத் தூக்கிச் சில்லைக் கழற்றினார். விளக்கைப் பிடித்துப் பார்த்தவர் இன்னும் கிட்டக் குனிந்தார். பிறகு, "அக்கா, உங்களுக்கு உந்தக் காரை வித்தது ஆர்?" என்றார்.

"ஏன்?"

"உறை கிழிஞ்சு கனகாலம். ஆரோ தெரிஞ்சுகொண்டுதான் கட்டியிருக்கினம். மேலாலை கிறீஸ் அப்பி மறைச்சிருக்கு. உது கராஜ் வேலை இல்லை. தோட்டக்காரன்ரை கட்டு."

குனிந்து பார்த்தேன். அவர் துணியால் கிறீஸைத் துடைக்கத் துடைக்கத் தெரிந்தது. சைக்கிள் ரியூப் நாடா, இழுத்து இழுத்துச் சுற்றியது. அதற்கு மேல் நீல நைலோன் நூல். மூன்று முடிச்சு, ஒன்றின் மேல் ஒன்று. நுனி மடித்து உள்ளே செருகியிருந்தது.

யூட் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டு வந்து போட்டார். "கொழும்புக்கு உதிலைதான் போக இருந்தனீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். தனியாக, நானூறு கிலோமீற்றர். தம்பிக்கு அது தெரியும். எந்த நாள், எத்தனை மணிக்குப் புறப்படுகிறேன் என்பதுகூடத் தெரியும். "ஆனையிறவு தாண்டிக் காட்டுப் பக்கம் எங்கையாவது ஜொயின்ற் கழண்டு வண்டி நிண்டிருக்கும்" என்றார் யூட். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடியது சில்லு மட்டும்தான்.

சாமான் யாழ் நகரில் எடுக்க வேண்டும், நாளைக்குத்தான் முடியும் என்றார். ஜப்பானில் கழற்றிய பழைய சாமான், நல்ல நிலையில் உள்ளது, உறையோடு 14,500. வேலைக்கூலி 4,000. ஞாயிறு பூசை முடிந்து வந்து செய்வதாகச் சொன்னார். காரை அங்கே விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி, ஒரு மணி நேரம் இருபது நிமிடத்தில் சண்டிலிப்பாய் வந்து சேர்ந்தேன். டிக்கெட் இரண்டுக்குமாக 190 ரூபா. பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தது. ஒன்றும் பார்க்கவில்லை.

தம்பி முற்றத்தில் பம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மாலை நாலரை மணி.

"கார் எங்கை?"

"கராஜிலை. உறையைத் துடைச்சுப் பாத்தம்" என்றேன். "நீ கட்டினது அவிழேல்லைத்தான். மெக்கானிக் வெட்டித்தான் எடுத்தவர்."

மறுப்பான் என்று நினைத்தேன். மறுத்திருந்தால் நம்பியிருப்பேன் என்றும் நினைக்கிறேன். அவ்வளவு ஆசை எனக்கு நம்புவதற்கு. அவன் துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"கோயிலைச் சுத்திக் காட்டித்தானே தந்தனான். நீயும் பக்கத்திலைதானே இருந்தனீ. இடப்பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்டனியோ?"

"பிள்ளையார் வாசலிலை வைச்சு ஏமாத்தினாய் எண்டு சொல்லு."

"முப்பத்திநாலு வருசமா இந்தக் காணியிலை சாகிறது நான். உழுதது நான், கிணறு இறைச்சது நான், ரெண்டு இடப்பெயர்வுக்குப் பிறகும் திரும்பி வந்து கூரை போட்டது நான். சீதனம் உன்ரை பேரிலை. இப்ப வந்து இதைத் தறி, அதைத் தறி எண்டு கை காட்டுறாய். ஒரு காருக்கு இவ்வளவு கதை."

அவன் சொன்னதில் பாதி உண்மை. அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். காணியின் பாதியை எனக்கு எழுதித் தா என்று கேட்டிருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்திருப்பேன். அவன் கேட்கவில்லை. அதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை, காரை ஏமாற்றி விற்க மட்டும் கை வந்தது.

"விக்கிறதெண்டால் வேறை ஆருக்காவது வித்திருக்கலாமே. ஏன் எனக்கு?" என்று கேட்டேன்.

"வேறை ஆருக்கும் வித்தா அடுத்த நாளே திருப்பிக்கொண்டு வந்து சண்டை பிடிப்பான்" என்றான். "நீ அக்காதானே."

மச்சாள் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. குடித்தேன். வேறு என்ன செய்வது, தேத்தண்ணி என்ன குற்றம் செய்தது? அன்றிரவு நான் பெட்டியை அடுக்கினேன்.

ஞாயிறு பகல் பதினொன்றரைக்குக் கோப்பாயில் காரை எடுத்தேன். யூட் பழைய ஜொயின்றை ஒரு பையில் போட்டுத் தந்தார். மாற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள், மாற்றினார்களா இல்லையா என்பதற்கு அதுதான் சாட்சி. எனக்குத் தந்த மூட்டில் அந்த நீல நூலில் ஒரு துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அதை வெள்ளவத்தை வீட்டில் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். நல்ல பாரம்.

போக நினைக்கிறவர்களுக்கு: மூன்று நாள் போதும், தீவுகளையும் சேர்த்தால் ஐந்து. தங்க யாழ் நகரில் அறை எடுங்கள், திருவிழா முடிந்த வாரத்தில் 6,000 ரூபாவுக்கு நல்ல அறை இருக்கிறது. உறவினர் வீடு மலிவு என்று நினைக்காதீர்கள். பெண்கள் கராஜுக்குப் போனால், வண்டி எந்த நேரத்தில் என்ன செய்யும்போது சத்தம் போடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத்தைப் பார்த்தால் கொஞ்சம் மரியாதை வருகிறது. கை மாறுகிற கார் எடுப்பதென்றால் பூசைக்கு முன்பு ஓடிப் பாருங்கள், பூசைக்குப் பிறகு வேண்டாம். விபூதி பூசிய வண்டியில் பிழை கண்டுபிடிக்க எங்களுக்கு மனம் வராது. கோயில் இல்லாத வெளியாகப் பார்த்து இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துச் சுற்றுங்கள். முன் சில்லுகளின் உள்பக்கத்தில் விளக்கைப் பிடித்து, உறையில் கிழிசலோ கிறீஸ் தெறித்த அடையாளமோ இருக்கிறதா என்று பாருங்கள். விற்கிறவர் தம்பியாக இருந்தாலும் பாருங்கள். தம்பியாக இருந்தால் இரண்டு முறை பாருங்கள்.

கடைசியாக ஒன்று. வேலை முடிந்த பிறகு, எந்தப் பக்கம் சத்தம் வந்ததோ அந்தப் பக்கமே சுற்றிப் பார்க்காமல் புறப்படாதீர்கள். கோப்பாயில் யூட்டுக்கு அடுத்த வேலை காத்திருந்தது, தெருவிலும் இடமில்லை. அதனால் பெட்டியை எடுக்கச் சண்டிலிப்பாய் போனபோதுதான் நான் சுற்றிப் பார்த்தேன். என் பெயரில் இருக்கிற முற்றம் அது, கிணற்றைச் சுற்றி ஒரு கார் திரும்புகிற அளவுக்கு இடம் இருக்கிறது. பெட்டியைப் பின்னால் வைத்து, ஸ்ரியறிங்கை இடக்கைப் பக்கம் முழுக்க ஒடித்தேன். தம்பி கத்தரிப் பாத்தியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முதல் சுற்றில் அவனுக்கு விளங்கவில்லை. இரண்டாவது சுற்றில் விளங்கிவிட்டது, கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தான். அவன் இரண்டு தடவை கொள்ளிக்குடம் தூக்கியவன். எந்தப் பக்கமாக, எத்தனை தரம் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்று முறை சுற்றினேன். ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு படலையால் இடப்பக்கம் திருப்பி வந்துவிட்டேன்.